நான்கு நிமிடம் பத்து விநாடி

மே 9, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பில் செல்வக்கனி என்றொரு மாணவி இருந்தாள். ஒருநாள் விசை பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து, "டீச்சர், ஒரு கயிறு எவ்வளவு எடை தாங்கும்னு அத அறுக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாள். அதே கயிற்றில் ஒரு சாண் வெட்டி எடுத்து, அது அறுகிறவரை எடையைத் தொங்கவிட்டுப் பார், மீதிக் கயிறு பிழைத்துக்கொள்ளும் என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இருக்கறதே ஒரு சாண்தான்னா?" என்றாள். மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்தேன்.

நேற்று அந்தக் கேள்வி எனக்கே வந்து சேர்ந்தது. என்னிடம் ஒரு கணினி இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன், வினாத்தாள் தட்டச்சு செய்வதற்காக வாங்கியது. 'ஏழு துறைமுகம்' என்று ஒரு விளையாட்டு இந்தக் கோடையில் புதிதாக வந்திருக்கிறது. கப்பல்களை நகர்த்தி, காற்றின் திசை பார்த்து, ஏழு துறைமுகங்களில் நான்கைப் பிடிக்க வேண்டும். மூளைக்கு வேலை வைக்கிற ஆட்டம். அதை இந்தக் கணினி தாங்குமா?

கேள்வி வந்த வழியையும் எழுதிவிடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி குற்றாலிங்கம் நேற்று ஒரு செய்தி போட்டிருந்தான். "இத ஆட ரெண்டு பேர் வேணும். எனக்கு ஆள் இல்ல. ஜூன் ஒண்ணு, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. யார் வாரீங்க?" அவன் ஓசூரில் இருக்கிறான். முழங்கால் அறுவை முடிந்து நாற்காலியோடு இருக்கிறான். பொழுது போக, மகன் புதுக் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறான். குழுவில் பதினேழு பேர். பலர் பூ அனுப்பினார்கள், சிலர் கட்டைவிரல் அனுப்பினார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கும் அவனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் சின்னது. இந்த நோட்டுக்கு அது தேவையில்லை.

எழுதாமல் மிஞ்சிப்போன பழைய அப்சர்வேஷன் நோட்டு ஒன்று கிடைத்தது. கணினி தாங்குமா தாங்காதா என்று முறைப்படி சோதித்து இதில் எழுதப்போகிறேன். எனக்கு வேண்டியது அந்த விடை மட்டும்தான்.

மே 10, சனி

விளையாட்டின் தேவைப் பட்டியலில் இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்று, குறைந்தபட்சம். இன்னொன்று, பரிந்துரைக்கப்படுவது. முதலாவதைத் தேர்ச்சி மதிப்பெண் என்றும், இரண்டாவதை முதல் வகுப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வட்டில் இடம்: தேர்ச்சி. செயலி: எல்லையில் தேர்ச்சி. படங்களுக்கென்று தனி அட்டை: என் கணினியில் இல்லவே இல்லை, தேர்வுக்கு வரவில்லை என்று போட வேண்டியதுதான். நினைவகம், கடையில் ரேம் என்று கேட்டு வாங்குவது: எட்டு ஜி.பி. வேண்டும், இருப்பது நான்கு.

நான்கு பாடத்தில் இரண்டில் தோல்வி. அவரிடம் காட்டினேன்.

"கிரேஸ் மார்க் போட்டுத் தூக்கி விடுங்க டீச்சர்" என்றார்.

அவர் என்றால் என் கணவர் பால்வண்ணன். பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேலி செய்யும்போது மட்டும் என்னை டீச்சர் என்பார். ஒரு நாளில் பாதிக்கு மேல் டீச்சர்தான்.

மே 11, ஞாயிறு

காலையில் குழுவில் எழுதினேன்: "நான் வாரேன். என் கம்ப்யூட்டர் தாங்குமான்னு பாத்துட்டு உறுதியாச் சொல்லுதேன்."

பதில் மாலை ஏழு நாற்பத்திரண்டுக்கு வந்தது. "சரி."

நேரத்தைக் குறிப்புக்காக மட்டும் எழுதி வைக்கிறேன்.

மே 12, திங்கள்

காலையில் இன்னொரு முறை பார்த்தேன். சரி என்றுதான் இருந்தது.

மே 14, புதன்

விளையாட்டின் மாதிரிப் பதிப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். அது இறங்க ஆறு மணி நேரம் ஆனது. அதற்குள் ஊறுகாய்க்கு நாற்பது மாங்காய் நறுக்கி, உப்பில் பிரட்டி, ஜாடியில் போட்டு, வாயில் துணியால் வேடும் கட்டிவிட்டேன்.

விளையாட்டுத் தினத்துக்கென்று நான் வாங்கி வைத்திருந்த நிறுத்துகடிகாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். திறக்க ஒன்பது நிமிடம். கடல் வந்தது, துறைமுகங்கள் வந்தன, கப்பல்கள் வந்தன. மிக அழகு. ஒரு கப்பலை நகர்த்திவிட்டு 'சுற்று முடிந்தது' என்பதை அழுத்தினேன். ஒரு சின்னச் சக்கரம் சுழல ஆரம்பித்தது. அது நின்று, அடுத்த சுற்று வர, பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.

அவர் எட்டிப் பார்த்தார். "கப்பல் எங்க போவுது?"

"மசூலிப்பட்டினம்."

"இந்த வேகத்துல நெசக் கப்பலே போயிரும்."

மே 15, வியாழன்

முறையை முடிவு செய்தேன். சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மற்றவை இருந்தபடி இருக்க வேண்டும். செடி வளரவில்லை என்று தண்ணீரையும் உரத்தையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு செடி தழைத்தாலும் எதனால் தழைத்தது என்று தெரியாது. முப்பத்தொரு வருடம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை மாற்றுவேன். அளப்பேன். பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவேன்.

மே 16, வெள்ளி

படத்தின் அளவைக் குறைத்தேன். 11 நிமிடம் 31 விநாடி. திரும்பக் கூட்டினேன்.

மே 17, சனி

கடல் அலையை நிறுத்தினேன். 11 நிமிடம் 36 விநாடி. அலையைத் திரும்ப விட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 19, திங்கள்

நிழல்களை எடுத்தேன். 11 நிமிடம் 33 விநாடி. நிழல்களைத் திரும்பச் சேர்த்தேன்.

மே 20, செவ்வாய்

காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை. அளவீடு இல்லை. தென்னையில் காய் பறிக்க ஆள் வந்தார்.

மே 21, புதன்

பின்னணியில் ஓடும் நிரல்களை மூடினேன். 11 நிமிடம் 20 விநாடி. திரும்பத் திறந்தேன்.

இத்தனை நாளில் எந்த ஒரு மாற்றமும் அரை நிமிடம்கூடப் பெற்றுத் தரவில்லை. ஜூன் ஒன்றுக்கு இன்னும் பதினொரு நாள். தாங்காது என்று குழுவில் எழுதிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுது. அவனும் சரின்னு போடுவான். இன்னொரு ஆறு வருசம் போகும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. புதுவீட்டுக்குப் போறப்ப ரசமட்டத்தப் பையில வச்சிட்டுப் போனவ நீ. ஒனக்கே தெரியும்."

நான் எழுந்து போய் மோர்மிளகாயை மாடியில் காய வைத்தேன். நல்ல வெயில்.

மே 24, சனி

கடையநல்லூரில் ஒரு காதுகுத்து. போய்விட்டு நான்கு மணிக்குத் திரும்பினால், கணினிமேல் நான் போட்டு வைத்திருந்த பூவேலை உறையைக் காணோம். பெட்டியின் பக்கவாட்டு மூடி கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. அவர் கையில் பெயின்ட் பிரஷ். மேஜையில் ஒரு கைப்பிடித் தூசி.

"என்ன செய்தீங்க?"

"எல்லாத்தையும் செய்தேன்."

"எல்லாத்தையும்னா?"

"படத்தச் சின்னதாக்கிட்டேன். அலைய எடுத்துட்டேன், நெழல எடுத்துட்டேன். பின்னால ஓடிட்டிருந்த பதினாலு சாமானையும் மூடியாச்சு. பிரிண்டர் ஒயரையும் புடுங்கிட்டேன். தூசி தட்டியிருக்கு. இப்ப அமுக்கிப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. எட்டு நாள் உழைப்பை ஒரு மதியத்தில் கலைத்துவிட்டார். ஆனாலும் கடிகாரத்தை எடுத்தேன். அழுத்தினேன். சக்கரம் சுழன்றது. நின்றது.

நான்கு நிமிடம் பத்து விநாடி.

"இதுல எது வேலை செஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றேன்.

"ஏன் கண்டுபிடிக்கணும்? புளியறை மேட்டுல ஆளோட வண்டி ஏறமாட்டேங்குது. என்ன செய்வோம்? எல்லாரையும் எறங்கி நடங்கன்னு சொல்லுவோம். ஒருத்தர மட்டும் எறக்கி ஏறுதான்னு பாத்துட்டு, அவர ஏத்திட்டு, அடுத்தவர எறக்கிப் பாப்பமா? கேரளா போய்ச் சேர முடியுமா டீச்சர்?"

யோசித்துப் பார்த்தேன். நினைவகம் நான்கு. சுமை ஐந்தரை, ஆறு. ஒன்றை இறக்கினாலும் சுமை நான்குக்கு மேலேதான் நிற்கிறது. எல்லாம் ஒன்றாக இறங்கினால்தான் வண்டி கிளம்பும். என் முறை தவறு என்று சொல்லமாட்டேன். இந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை. அவருடைய எடுத்துக்காட்டு என்னுடைய செடியைவிட நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகக் குறிக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

மூன்று முறை அளந்தேன். 4.08, 4.12, 4.10. சராசரி 4.10. கணினி தாங்குகிறது. குழுவில் எழுதினேன்: "தாங்குது. வாரேன்."

அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல். மத்தியானம் பாயசம் வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். பால் மிஞ்சியிருந்தது என்றேன்.

மே 27, செவ்வாய்

விதிகளை ஒழுங்காகப் படிக்காமல் பாயசம் வைத்துவிட்டேன்.

மாதிரிப் பதிப்பில் தனியாக ஆடுவதற்கு நேரக் கணக்கு இல்லை. இருவர் ஆடும்போது உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். அதற்குள் கணினி முடிக்கவில்லை என்றால் நம் நகர்வு செல்லாது, எதிராளியின் நகர்வு மட்டும் நிற்கும். என் கணினிக்கு நான்கு நிமிடம் பத்து விநாடி. அதாவது, நான் நாள் முழுக்க ஆடினாலும் என் கப்பல் ஒன்றுகூடத் துறையை விட்டுக் கிளம்பாது.

நேர வரம்பை எடுத்துவிட ஒரு வழி இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்தான் எடுக்க முடியும். தொடங்கி வைப்பவன் அவன்.

"கேளு" என்றார் அவர்.

"கேக்கலாம்."

"எப்ப?"

"பாக்கலாம்."

"ஒரு வரி. 'லே, நேரத்தக் கொஞ்சம் எடுத்து விடு.' இதுக்குப் பஞ்சாங்கமா பாக்கணும்?"

மே 28, புதன்

இன்று அளவீடு எதுவும் இல்லை. எனவே ரசமட்டம் விஷயத்தை எழுதிவிடுகிறேன். ஒரு பதிவு முழுமையாக இருக்க வேண்டும்.

ஓசூரில் அவன் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். நான் அக்கா. முதல் நாளே போய்விட்டோம். புது வீட்டுக்குப் போகிறோமே என்று என் கைப்பையில் சின்ன ரசமட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழல், உள்ளே ஒரு குமிழி இருக்குமே, அது. பத்தாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக வாங்கியது. பரிசாகக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

பால் பொங்கி எல்லோரும் வீடு சுற்றிப் பார்த்தபோது, குளியலறைத் தரையில் அதை வைத்தேன். குமிழி தப்பான பக்கம் போனது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். அது சாக்கடை ஓட்டையை விட்டுவிட்டு வாசல் பக்கம் வந்தது. தம்பி மனைவி பகவதியின் அண்ணன்தான் மேற்பார்வை பார்த்துக் கட்டியவர். அவரும் நின்றார், அவர் சம்பந்தக்காரர்களும் நின்றார்கள். "வாட்டம் தப்பு. மறுபடியும் ஒடச்சுப் போடணும்" என்றேன்.

குற்றாலிங்கம், "யக்கா, வந்த எடத்துலயும் பேப்பர் திருத்தாத" என்றான்.

பகவதி இலை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடாமல் பன்னிரண்டு மணிப் பேருந்தில் கிளம்பிவிட்டேன். இவர் பாவம், என்னால் இவரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த வருடம் பகவதிக்கு மாம்பழம் அனுப்பினேன், அதற்கும் இல்லை. மறு வருடம் ஒன்றும் அனுப்பவில்லை.

என் அளவீடு சரிதான். அதை மட்டும் எழுத உட்கார்ந்தேன். எப்படியோ இவ்வளவு நீண்டுவிட்டது.

மே 30, வெள்ளி

ஒலியையும் நிறுத்தினேன், மேசைத் திரைப் படத்தையும் எடுத்தேன். 4.06. மூன்றுக்கு வராது.

நேர வரம்பைக் கேட்டு அவனுக்குத் தனியாக ஒரு செய்தி எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு விடுப்பு விண்ணப்பம் போல இருந்தது. இரண்டாவதில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதியிருந்தேன். மூன்றாவது 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, அதற்கு மேல் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

மே 31, சனி

கேட்கவில்லை. வீடு கழுவினேன்.

ஜூன் 1, ஞாயிறு

நான்கு மணிக்கு ஆட்டம் என்பதால் மூன்று இருபதுக்கே கணினியைப் போட்டேன். அவர் மூடி கழன்ற பெட்டிக்கு நேரே மேஜை விசிறியை வைத்தார். அம்மை வார்த்த பிள்ளைக்கு வீசுவது போல இருந்தது. நான் தலைவாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டேன். அவர் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை யாராவது வருவார்கள் என்றேன்.

முதல் சுற்றிலேயே என் நகர்வு செல்லாமல் போகும், இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அவனே நிறுத்திவிடுவான், தாங்கவில்லை என்று குழுவில் எழுதிவிட வேண்டியதுதான். இப்படி மனத்துக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன்.

நான்கு மணிக்கு அவன் ஆட்டத்தைத் தொடங்கினான். திரையில் விவரங்கள் வரிசையாக வந்தன.

துறைமுகங்கள்: ஏழு.
காற்று: தென்மேற்கு.
நேர வரம்பு: இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இல்லை என்றுதான் இருந்தது.

இரண்டு கப்பல்களை நாகப்பட்டினம் பக்கம் நகர்த்தி, சுற்று முடிந்தது என்று அழுத்தினேன். சக்கரம் சுழன்றது. எனக்கு இங்கே சக்கரம் சுழலும்போது, அவனுக்கு அங்கே 'எதிராளிக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதிக் காட்டுமாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கைப்பேசி அடித்தது. அவன் பெயர். ஆறு வருடமாக அந்தப் பெயர் என் கைப்பேசியில் சும்மா கிடந்தது.

"யக்கா, இருக்கியா?"

"இருக்கேம்லே. சக்கரம் சுத்துது."

"எம்புட்டு நேரம் சுத்தும்?"

"நாலு நிமிசம் பத்து விநாடி. ரெண்டு விநாடி முன்னப்பின்ன இருக்கும்."

அவன் சிரிப்பது கேட்டது.

"அளந்துட்ட, என்ன?"

"மூணு தடவ."

"அதான பாத்தேன். மூணுக்குக் கொறைய மாட்டியே."

நேர வரம்பை எடுத்திருக்கிறாயே என்று கேட்க வாய் திறந்தேன். "நேரத்த..." என்று தொடங்கியதுமே, "அத்தான் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன். நீ எதையும் நாலு தரம் யோசிச்சுத்தான செய்வ" என்றான்.

நான் அத்தானைப் பற்றிக் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் விசிறியின் திசையை மிகவும் கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சக்கரம் நின்றது. "வந்திருச்சுலே, வைக்கேன்" என்று வைத்துவிட்டேன். அடுத்த சுற்றில் மறுபடி அடித்தான். மூன்றாவது சுற்றிலிருந்து வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டு, கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினேன்.

சக்கரம் சுழலும்போது வேறு வேலை இல்லை. எழுந்து போனால் நான்கு நிமிடத்தில் திரும்ப முடியாது. படிக்க ஆரம்பித்தால் இரண்டாவது பத்தியில் நின்றுவிடும். பேசலாம். அவன் முழங்காலைப் பற்றிப் பேசினோம். என் முழங்காலைப் பற்றிப் பேசினோம். மின்சார அடுப்பில் வடகம் பொரியுமா என்று பேசினோம்.

ஆறாவது சுற்றில் பகவதியின் குரல் கேட்டது. "மதினி, சாப்ட்டீங்களா?"

எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். நான் செம்பில் சாய்த்திருந்த கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சாப்ட்டேன் பகவதி. புளித்தண்ணியும் கானத் தொவையலும். நீ?"

"இன்னும் இல்ல மதினி. மத்தியானத்துலருந்து ஒங்க தம்பி கப்பல விட்டு எந்திரிச்சாத்தான சாப்பாடு போட."

ஒன்பதாவது சுற்றில் அவன் சொன்னான்: "யக்கா, அந்தக் குளியலறைல இன்னைக்கும் தண்ணி நிக்கி. ஆறு வருசமா வைப்பர வச்சித் தள்ளுதேன். முட்டி போனதே அதுலதான்னு பகவதி சொல்லுதா."

"ஒடச்சுப் போட வேண்டியதுதானலே."

"ஒடச்சா நீ சொன்னது சரின்னு ஆயிரும்லா."

அதற்கு நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அளவீட்டைப் பற்றி அல்ல. அதை இங்கே எழுதவில்லை. அது அவனுக்குச் சொன்னது. இவர் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனார். மூன்று டம்ளர் காபிக்கு ஆகிற நேரத்துக்குப் பிறகு ஒரு டம்ளரோடு வந்தார்.

"யக்கா" என்றான் அவன்.

"என்னலே?"

"சக்கரம் நின்னு ரெண்டு நிமிசம் ஆச்சு. எனக்கு இங்க ஒன் கப்பல் தெரியுது. நீதான் நகத்தணும்."

ஏழு மணிக்கு நிறுத்தினோம். இருபத்தொரு சுற்று. அவனிடம் மூன்று துறைமுகம், என்னிடம் இரண்டு. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. மோர்மிளகாயை உள்ளே எடுத்தேன். அவருடைய எடுத்துக்காட்டு என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "எது?" என்றார். புளியறை என்றேன். "அதச் சொல்ல ஒம்பது நாளா?" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

நோட்டில் இடம் இருப்பதால் இன்று அட்டவணையில் ஒரு கட்டம் கூட்டினேன்.

சுற்று 22. 4.11. பகவதியின் தங்கை மகளுக்கு வரன்.
சுற்று 23. 4.09. அதே வரன், பையனின் தாய் பற்றி.
சுற்று 24. 4.10. குற்றாலிங்கம் என் கப்பலில் வந்த கோட்டாற்று மிளகைக் கொள்ளையடித்தான். வாக்குவாதம்.
சுற்று 25. 4.10. வாக்குவாதம் தொடர்ச்சி.
சுற்று 26. 4.13. குளியலறையை உடைக்க ஆள் பார்த்தாயிற்று. வாட்டம் பார்க்க நான் வர வேண்டுமாம். பகவதியின் அண்ணனே சொன்னாராம்.
சுற்று 27. அளக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுற்று 40இல் காற்று திரும்பியது. அவன் கப்பல்கள் எல்லாம் மேற்கே மாட்டிக்கொண்டன. நான் இதற்காகவே ஐந்து சுற்றாகக் கிழக்கே சும்மா காத்திருந்தேன்.

"அத்தான், இவளக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க. இது ஆட்டமா, பழிவாங்கலா?"

இவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், "மாப்ளே, நான் கட்டிக்கிட்டு முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. நீ இப்பதான் நாப்பதாவது சுத்து" என்றார்.

இருவரிடமும் மூன்று மூன்று. ஒரு துறைமுகம் பாக்கி.

ஜூன் 19, வியாழன்

அவர் கடைத்தெருவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு விரல் நீளத் தகடு. ரேம். இதைச் செருகினால் நினைவகம் எட்டாகிவிடும். அலை, நிழல் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரலாம். ஒரு சுற்று நாற்பது விநாடியில் முடிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"போட்டுரட்டுமா? அஞ்சு நிமிச வேலை."

"இருக்கட்டும். இப்பதான் அளவீடு ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு. நடுவுல எதையும் மாத்தக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். டீச்சர் என்று சொல்லவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் அலமாரியில் தையல் சாமான்களுக்குப் பின்னால் வைத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

வெளியே நல்ல சாரல். சுற்று 53.

சக்கரம் சுழன்றுகொண்டிருந்தபோது குற்றாலிங்கம் சொன்னான்: "யக்கா, எம் மவன் ஒண்ணு சொன்னான். ரேம்னு ஒரு சாமான் இருக்காம். ஒன் கம்ப்யூட்டர்ல போட்டா நாப்பது விநாடில சுத்து முடிஞ்சிருமாம்."

"அப்படியா?"

"வாங்கி அனுப்பட்டுமான்னு கேக்கான்."

இவர் நாளிதழைப் பக்கம் திருப்பினார். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"என்னலே அவசரம்?" என்றேன்.

"எனக்கொண்ணும் அவசரமில்ல. ஒனக்கு இருக்குமோன்னுதான்."

"எனக்கும் இல்ல."

"அப்ப வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றான். "நேத்தே சொல்லிட்டேன். சும்மா கேட்டேன்."

பிறகு பகவதி வந்தாள். ஆடி பிறப்பதற்கு முன், சாரல் இருக்கும்போதே, இருவரும் தென்காசிக்கு வருகிறார்கள். பத்து நாள் தங்கப்போகிறார்கள். அவனுக்கு முட்டி வலி இருக்கிறதால் கட்டில் வேண்டும், மதினி கையால் சொதி வேண்டும் என்று பட்டியல் சொன்னாள். அவர்கள் இங்கே இருக்கும் இரண்டு ஞாயிறும் ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று ஒரு சந்தேகம் வந்தது. கணினி ஒன்றுதானே இருக்கிறது. அதற்கு விடை காண்பதற்குள் சக்கரம் நின்றுவிட்டது.

சுற்று 54இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தேன். நான்காவது துறைமுகம். திரையில் கொடி ஏறியது. அதுவும் விட்டு விட்டுத்தான் ஏறியது.

"தோத்தாச்சு" என்றான். "மறுபடியும் மொதல்லருந்து. இந்தத் தடவ எனக்குக் கெழக்கு."

அழுத்தினேன். புது ஆட்டம் திறக்க ஒன்பது நிமிடம் ஆகும். நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கணினி தாங்குமா என்ற கேள்விக்கு விடை: தாங்குகிறது. என் தங்கை முறையில் ஒருத்தி இந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, தன் கணினியும் பழையதுதான், என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இதைப் படிக்கிறவருக்கும் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்ததும் சுட்டியைத் தட்டிக்கொண்டிராமல், எதிராளிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.